வேலைக் காலத்தில் குழந்தைகளின் ஆகாரம்

(சேலம், நாமக்கல் சமவெளிக் குடியானவர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் உரியது)

சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் சமவெளிப் பாகங்களில் விவசாய வேலை வருஷம் முழுவதும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஆடி மாதத்தில் மானாவாரி நிலங்களில் நிலக்கடலையும் சோளமும் விதைக்கப்படுகின்றன. மேட்டூர்க் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களில் நீர் விடப்பட்டதும் நடவு ஆரம்பமாகிறது. புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் கடலைக்காய் பறிப்பும் காய் ஆய்தலும் நடைபெறுகின்றன. மார்கழி முதல் குச்சிக்கிழங்கு பிடுங்குதலும் கரும்பு வெட்டும், தை முதல் பங்குனி வரை மஞ்சள் வெட்டும் மஞ்சள் வேக வைத்தலும் தொடருகின்றன. இக்காலங்களில் வீட்டிலுள்ள ஆண்களும் பெண்களும் விடியற்காலையில் காட்டுக்குச் சென்றால் பொழுது சாய்ந்த பின்னரே வீடு திரும்புகின்றனர்.

கறவை மாட்டுக்கு ஒரு வேளைத் தீனி தவறினால் அன்று மாலையே பால் குறையும் என்பதைக் குடியானவர் ஒவ்வொருவரும் அறிவர். ஆகையால் எவ்வளவு அவசரமான வேலையாயினும் மாட்டுக்குத் தீனியும் தண்ணீரும் காலத்தில் கிடைத்து விடுகின்றன. குழந்தைக்கு ஒரு வேளை ஆகாரம் தவறினால் உண்டாகும் நஷ்டமோ அன்று மாலை கண்ணுக்குத் தெரிவதில்லை. சில மாதங்கள் சென்று எடையிலும், சில வருஷங்கள் சென்று உயரத்திலும் படிப்பிலும் அது வெளிப்படுகிறது. அப்பொழுது அதைச் சரி செய்வது மிகவும் கடினம். நாற்றங்காலில் மெலிந்த நாற்றுக்கு நடவு வயலில் எவ்வளவு எரு இட்டாலும் முதலிலேயே செழித்த நாற்றுக்குச் சமமாவதில்லை. குழந்தையின் முதல் இரண்டு வருஷங்களும் அவ்வாறானவையே.

நிலமுள்ள குடும்பங்களில் வேலைக் காலத்தில் குழந்தைக்குக் குறைவது பெரும்பாலும் தானியமன்று. சமைக்க நேரமும் ஊட்ட ஆளுமே குறைகின்றன. விதைக்கும் எருவுக்கும் ஆளுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்வது போலவே குழந்தையின் ஆகாரத்திற்கும் பருவம் தொடங்குமுன் ஏற்பாடு செய்து கொண்டால் இக்குறையை அதிகச் செலவின்றி நீக்கி விடலாம். அதற்குரிய முறைகள் கீழே விவரிக்கப்படுகின்றன.

குறை எங்கே உண்டாகிறது

வேலைக் காலத்தில் தாய் விடியுமுன் எழுந்து, ஒரு முறை சமைத்து, காட்டுக்குப் புறப்பட்டு விடுகிறாள். அப்பொழுது சிறு குழந்தை தூங்கிக் கொண்டிருக்கும். பின்னர் அது எழுந்ததும் பாட்டியோ, ஏழெட்டு வயதுள்ள அக்காளோ ஒரு தம்ளர் தேநீரும் கடையில் வாங்கிய பிஸ்கோத்தும் கொடுப்பது வழக்கமாகி விட்டது. முதல் ஆகாரம் பத்து மணிக்கு மேலும், அடுத்தது மாலையிலும் கிடைக்கின்றன. இரவில் தாய் களைத்துத் திரும்பிச் சமையலை முடிப்பதற்குள் குழந்தை தூங்கி விடுகிறது. இவ்வாறு நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை உண்ண வேண்டிய குழந்தை இரண்டு முறையே உண்கிறது.

தேநீரினால் வேறொரு தீமையும் உண்டு. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் ஆகாரத்திலுள்ள இரும்புச் சத்தை உடலில் சேரவொட்டாமல் தடுக்கிறது. பிஸ்கோத்தோ பசியை மட்டும் அடக்கி அடுத்த வேளை ஆகாரத்தையும் கெடுத்து விடுகிறது.

2019–21-ல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்த சோகை காணப்பட்டது. பஞ்சமில்லாத காலத்தில் எடுக்கப்பட்ட கணக்கு இது. எனவே அரிசி கிடைப்பதால் மட்டும் குழந்தை வளர்ந்து விடுமென்று எண்ணுவது தவறு.

விளைவதும் உண்பதும்

இப்பிரதேசத்தின் விளைபொருள்களைக் கவனித்தால் ஒரு விசித்திரம் புலப்படும். 1997 ஜனவரி 1-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான நாமக்கல்லிலிருந்து நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்லுகின்றன. நிலக்கடலை செக்குக்கும் மண்டிக்கும் செல்லுகிறது. பால் சங்கத்திற்குச் செல்லுகிறது. இம்மூன்றும் குழந்தையின் சதையையும் எலும்பையும் வளர்க்கும் புரதச் சத்து மிகுந்தவை. விற்பனைக்குச் செல்லும் வழியில் வீட்டுக் குழந்தைக்கென்று நிற்பவை சில வீடுகளில் மிகவும் கொஞ்சமே.

ஆனால் ஜவ்வரிசி மட்டும் தாராளமாக வீட்டுக்குள் வருகிறது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது கடல் கடந்து வந்த ஜவ்வரிசி நின்றுபோனதால் சேலத்தில் குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தோன்றிற்று. 1981-ல் உற்பத்தியாளர்களின் கூட்டுறவு விற்பனைச் சங்கமான சேகோசர்வ் ஏற்பட்டது. இத்தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குப் பிழைப்பளிக்கிறது. அதைப் பற்றிக் குறை கூறுவதற்கில்லை. எனினும், ஜவ்வரிசிக் கஞ்சி குழந்தைக்கு எளிதில் ஜீரணமாகும், ஆகையால் அதுவே சிறந்தது என்னும் எண்ணம் மாற வேண்டும். ஜவ்வரிசி ஏறக்குறைய முழுவதும் மாவுச் சத்தே. நூறு கிராமில் அரை கிராம் புரதங்கூட இல்லை. வயிறு நிறைந்தும் வளர்ச்சி குன்றுவதற்கு இதைவிட எளிய வழியில்லை. நோய்ப்பட்ட குழந்தைக்கு ஓரிரு நாள் கொடுப்பதில் தவறில்லை. அதனுடன் பாலோ, பயறோ, முட்டையோ சேராமல் நித்திய ஆகாரமாகக் கொடுத்தலாகாது.

குச்சிக்கிழங்கைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை அவசியம். ஆலைக்கென்று பயிரிடப்படும் கசப்பு வகைகளில் நஞ்சு உண்டு. அவற்றைக் குழந்தைகளுக்குக் கொடுத்தலாகாது. உண்ணும் வகைகளையும் தோலும் நடு நரம்பும் நீக்கித் துண்டுகளாக்கி, மூடாத பாத்திரத்தில் நன்றாக வேக வைத்து, நீரை வடித்த பின்பே கொடுக்க வேண்டும்.

குன்னூர் ஆராய்ச்சிகள்

ஆகாரத்திற்கும் வளர்ச்சிக்குமுள்ள சம்பந்தத்தைக் குறித்து இந்தியாவில் முதன்முதல் நடைபெற்ற பெரிய ஆராய்ச்சிகளில் சில நீலகிரியிலுள்ள குன்னூரிலேயே நடந்தன. 1920-களில் ராபர்ட் மக்காரிசன் என்னும் வைத்தியர் வெள்ளெலிகளைக் கூட்டங்களாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு பிரதேச மக்கள் உண்ணும் ஆகாரங்களை ஒவ்வொரு கூட்டத்திற்கும் கொடுத்து வந்தார். முழுக் கோதுமை, பால், வெண்ணெய், பயறு, காய்கறி ஆகியவை அடங்கிய சீக்கியரின் ஆகாரத்தை உண்ட எலிகள் எல்லாவற்றிலும் செழித்து வளர்ந்தன. தீட்டிய அரிசியே முக்கியமாயும், பாலும் காய்கறியும் சொற்பமாயும் உள்ள சென்னை மாகாண ஆகாரத்தை உண்டவை மிகவும் மெலிந்திருந்தன.

அவருக்குப் பின் அந்நிலையத்தின் தலைமையை ஏற்ற அய்க்ராய்டு, 1937-ல் இந்திய ஆகாரப் பொருள்களின் சத்துக்களை அட்டவணைப்படுத்தி வெளியிட்டார். அதே காலத்தில் அவரும் அவருடைய துணைவர்களும் அரிசியையே பெரிதும் உண்டு வந்த பிள்ளைகளுக்கு வெண்ணெய் நீக்கிய பாலைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில், அப்பால் பெற்ற பிள்ளைகள் பெறாதவர்களைவிட எடையிலும் உயரத்திலும் விரைவாக வளர்ந்தனர். அந்நிலையம் 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய போஷாக்கு நிலையமாக விளங்குகிறது.

குடியானவருக்கு இவ்வாராய்ச்சியினால் விளங்குவது யாதெனில், வெண்ணெய் எடுத்த மோரும் குழந்தைக்கு உயர்ந்த ஆகாரமே. வெண்ணெயை விற்றாலும் மோரை வீட்டில் நிறுத்தலாம். சங்கத்திற்குப் பால் ஊற்றும் வீடுகளில் குழந்தை ஒன்றுக்குத் தினம் ஒரு தம்ளர் பாலை அளந்து எடுத்து வைத்த பின்னரே மீதியை ஊற்றுவதென்று நியமித்துக் கொள்ளுவது உசிதம்.

சிறு வயிறும் கெட்டிக் கஞ்சியும்

ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டுவதில்லை. ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலுடன் வேறு ஆகாரமும் ஆரம்பிக்க வேண்டும். ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறையும், ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரை மூன்று நான்கு முறையும், இடையில் ஓரிரு முறை சிற்றுண்டியும் தேவை. தாய்ப்பாலை இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் கொடுத்து வரலாம்.

எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு முறைக்கு ஏறக்குறைய கால் லிட்டருக்கு மேல் கொள்ளாது. பெரியவர்கள் குடிக்கும் நீர்த்த கூழைக் குழந்தைக்கும் கொடுத்தால் அந்தக் கால் லிட்டரில் பெரும்பாகம் தண்ணீராகவே இருக்கும். மாவை அதிகமாகச் சேர்த்தாலோ கூழ் களியாக இறுகி விடுகிறது. சிறு குழந்தை அதை விழுங்காது. இச்சங்கடத்தை நீக்க எளிய வழி தானியத்தை முளை கட்டுவதேயாகும். முளைக்கும் தானியத்தில் மாவுச் சத்தைக் கரைக்கும் ஒரு பொருள் உண்டாகிறது. முளை மாவைச் சேர்த்தால் இறுகிய கஞ்சி இளகி விடும். ஆகவே அதே பதமுள்ள கஞ்சியில் ஏறக்குறைய இரு மடங்கு மாவை அடக்கலாம். 1980-களில் பரோடா சர்வகலாசாலையில் தாரா கோபால்தாஸ் அம்மையார் இம்முறையை ஆராய்ந்து, சிறு குழந்தைகள் இவ்வாறு இளக்கிய கஞ்சியினால் அதிக ஆகாரம் பெறுகின்றனர் என்று காட்டினார். ராகியை முளை கட்டி மாவாக்குவது இப்பக்கத்துப் பெண்களுக்குப் புதிதன்று. அதன் காரணத்தை அறிந்து, வேலைக் காலத்திற்கு முன்பே செய்து வைத்துக் கொள்ள வேண்டும் என்பதே முக்கியம்.

மாவு தயாரிக்கும் முறை

ராகியைக் கல், மண் நீக்கிக் கழுவி, ஓரிரவு ஊற வைக்க வேண்டும். காலையில் நீரை வடித்து, சுத்தமான ஈரத்துணியில் கட்டித் தொங்க விட்டு, துணி உலராதபடி அடிக்கடி நீர் தெளித்து வர வேண்டும். ஒரு நாள் முதல் ஒன்றரை நாளில் வெள்ளை முளை தோன்றும். அதை வெயிலில் நன்றாகக் காய வைத்து, தேய்த்து வேர்களைப் புடைத்து நீக்கி, வாசனை வரும் அளவுக்கு மட்டும் இலேசாக வறுத்து அரைக்க வேண்டும். அதிகமாக வறுத்தால் கஞ்சியை இளக்கும் குணம் அழிந்து விடும். பச்சைப் பயறையும் அவ்வாறே முளை கட்டிக் காய வைத்து, வறுத்து அரைக்கலாம்.

சோளத்தைக் குழந்தைகளுக்கென்று முளை கட்டுதலாகாது. இளஞ்சோளப் பயிர் மாட்டுக்கு நஞ்சாவது குடியானவர் அறிந்ததே. அதே நஞ்சு சோள முளையிலும் உண்டு. சோளத்தை முளை கட்டாமல் மாவாக்கிக் கொடுப்பதில் கெடுதியில்லை.

ராகி 60 பங்கு, பச்சைப் பயறு 20 பங்கு, வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 20 பங்கு என்னும் அளவு பொருத்தமானது. ராகி மாவு மட்டுமானால் நூறு கிராமில் ஏழு கிராம் புரதமே உண்டு. இக்கலப்பில் ஏறக்குறைய 14 கிராம் உண்டு. ராகியில் சுண்ணாம்புச் சத்து நூறு கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதால் எலும்பின் வளர்ச்சிக்கு அரிசியைவிட மிகவும் சிலாக்கியமானது. ராகியையும் பயறையும் சேர்த்து அரைத்து டப்பாவில் மூடி வைக்கலாம். நிலக்கடலைப் பொடி சிக்கு வாடை கொள்ளுமாதலால், வாரம் ஒரு முறை கொஞ்சமாகப் பொடித்துத் தனியே வைத்து, சமைக்கும்போது சேர்ப்பது நலம்.

நிலக்கடலையைப் பொறுக்கி எடுப்பதில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். பூசணம் பிடித்த பருப்பில் ஈரலைக் கெடுக்கும் கொடிய நஞ்சு உண்டாகிறது. வறுத்தாலும் வேக வைத்தாலும் அது முற்றிலும் நீங்குவதில்லை. சந்தைக்கு நல்ல காயை அனுப்பி, சுருங்கியதையும் கறுத்ததையும் வீட்டுக்கு நிறுத்தும் வழக்கம் குழந்தையுள்ள வீட்டில் கூடவே கூடாது. பறித்த காயை உடனே உதறி, குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்கும் வரை காய வைத்து, அதில் முதல் தரமானதையே குழந்தைக்கென்று எடுத்து வைக்க வேண்டும்.

கஞ்சி காய்ச்சும்போது மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து, கொதிக்கும் நீரில் ஊற்றிக் கிளறி நன்றாக வேக விட வேண்டும். மாவு முளை கட்டாததானால் கஞ்சி வெந்து இறுகியதும் இறக்கி, சூடாக இருக்கும்போதே ஒரு தேக்கரண்டி முளை மாவைத் தூவிக் கிளறினால் இளகும். பின்னர் மறுபடியும் ஒரு கொதி வர விட வேண்டும். வெல்லம் சிறிது, நெய்யோ எண்ணெயோ ஒரு கரண்டி சேர்ப்பது நன்று. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுத்தலாகாது.

ஒரு குழந்தைக்கு ஒரு வருஷத் தேவை

குழந்தை ஒன்றுக்குத் தினம் நூறு கிராம் மாவு என்று வைத்துக் கொண்டால், வருஷத்திற்கு ராகி 22 கிலோவும், பச்சைப் பயறு 7½ கிலோவும், நிலக்கடலைப் பருப்பு 7½ கிலோவும் வேண்டும். நூறு கிலோ காயில் எழுபது கிலோ பருப்புக் கிடைக்குமானால் இதற்குத் தேவையான காய் 11 கிலோவுக்குள் அடங்கும். ஏக்கருக்கு ஆயிரம் கிலோ ராகி விளையும் இறவைத் தோட்டத்தில் ஒரு சென்ட் நிலம் பத்துக் கிலோ தருமாதலால், இரண்டு குழந்தைகளின் ராகிக்கு ஐந்து சென்ட் நிலம் போதும். பயறைக் கடலைக் காட்டில் ஊடுபயிராகவே பெறலாம்.

ஐந்து ஏக்கர் உடையவர் ஐந்து சென்டைக் குழந்தைகளுக்கு ஒதுக்குவது நூறில் ஒரு பங்கே. விதைக்கென்று எடுத்து வைத்த மூட்டையை எவ்வளவு பணமுடையிலும் எவரும் விற்பதில்லை. குழந்தையின் மூட்டையையும் களத்திலேயே அளந்து எடுத்து, விதை மூட்டைக்குப் பக்கத்தில் வைத்து விட வேண்டும்.

வரப்பிலும் கிணற்று மேட்டிலும் இரண்டு முருங்கை, இரண்டு பப்பாளி, ஒரு எலுமிச்சை வைப்பது சிரமமன்று. முருங்கைக் கீரையைத் துவட்டியோ, நிழலில் உலர்த்திப் பொடித்துக் கஞ்சியில் ஒரு சிட்டிகை சேர்த்தோ கொடுக்கலாம். பரமத்தி வேலூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் கொடி படருவதற்கு அகத்தியே வளர்க்கப்படுகிறது. அகத்திக் கீரையில் நூறு கிராமுக்கு 900 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சத்து உண்டு. இக்கீரையில் ஒரு பிடியேனும் பருப்புடன் வெந்து குழந்தையின் சோற்றில் சேர வேண்டும். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றில் ஒன்று ஆகாரத்துடன் சேர்ந்தால் ராகியிலும் கீரையிலுமுள்ள இரும்புச் சத்து உடலில் அதிகமாகச் சேரும்.

காட்டுக்கு எடுத்துச் செல்லும் ஆகாரம்

காட்டுக்குச் செல்லும் குழந்தையின் ஆகாரம் வெயிலில் கெடாததாக இருக்க வேண்டும். வறுத்த ராகி மாவு, நிலக்கடலைப் பொடி, வெல்லம் ஆகியவற்றைப் பிசைந்த உருண்டை இரண்டு மூன்று நாள் கெடாது. ஓட்டுடன் அவித்த முட்டை, வாழைப்பழம், பொரி, பொட்டுக்கடலை ஆகியவையும் ஏற்றவை. ஒரு முட்டையில் ஏறக்குறைய ஆறு கிராம் புரதம் உண்டு. முட்டையை நன்றாக வேக வைத்து, அன்றைக்கே உண்டு விட வேண்டும்.

புளித்த கூழ் வெயிலை ஓரளவு தாங்கும். புளித்தலினால் தானியத்திலுள்ள இரும்புச் சத்தும் எளிதில் சேருகிறது. ஆனால் பால் கலந்த கஞ்சியையும், பருப்புச் சாதத்தையும் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெயிலில் வைத்துக் கொடுத்தால் பேதி உண்டாகும். பேதியினால் ஒரு வாரத்தில் இழந்த எடையை மீட்க ஒரு மாதம் கூடப் பிடிக்கலாம். குடிநீரைக் காய்ச்சி, மூடிய பாத்திரத்தில் கொண்டு செல்லுவதும், ஊட்டுமுன் கையைச் சோப்பினால் கழுவுவதும் மிகவும் அவசியம். பூச்சி மருந்து தெளித்த நாளிலும், மருந்து கலந்த கையுடனும் குழந்தையை அணுகலாகாது. மருந்து வந்த டப்பாவை எக்காரணத்தைக் கொண்டும் தண்ணீருக்கு உபயோகிக்கலாகாது.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழு நிலக்கடலையைக் கொடுத்தால் தொண்டையில் அடைத்து உயிருக்கே மோசம் நேரக்கூடும். பொடித்தோ அரைத்தோ கொடுக்க வேண்டும்.

நாளின் ஒழுங்கு

தாய் காட்டுக்குப் புறப்படுமுன் குழந்தையை எழுப்பிப் பால் கொடுத்து, சில பிடி ஆகாரமும் ஊட்டி விட வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் போதும். பத்து மணிக்குப் பாட்டி கஞ்சியோ உருண்டையோ கொடுக்கலாம். மாவு தயாராக இருந்தால் கஞ்சி காய்ச்சப் பத்து நிமிஷத்திற்கு மேல் ஆகாது. நடுப்பகலில் சோறு, பருப்பு, கீரை. மூன்று மணிக்குப் பழமோ முட்டையோ மோரோ கொடுக்கலாம். இரவு ஆகாரத்தைப் பெரியவர்களின் சமையல் முடியும் வரை தாமதப்படுத்தாமல், விளக்கேற்றும் நேரத்திலேயே காலையில் எடுத்து வைத்த மாவைக் கொண்டு முடித்து விட வேண்டும்.

குழந்தையைக் கவனிக்கும் பாட்டிக்கோ மூத்த பிள்ளைக்கோ எந்த நேரத்தில், எந்தக் கிண்ணத்தில், எவ்வளவு என்பதைத் திட்டமாகச் சொல்லி வைக்க வேண்டும். குழந்தைக்கென்று தனிக் கிண்ணம் இருந்தால்தான் அது உண்ட அளவு தெரியும். பெரியவர்களின் தட்டில் கூட உண்ணும் குழந்தை எவ்வளவு உண்டதென்று எவருக்கும் தெரிவதில்லை. இப்பொறுப்பை ஏற்கும் மூத்த பெண்குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவது ஒரு குழந்தைக்காக மற்றொன்றைக் கெடுப்பதாகும்.

வீட்டு ஆண்களும் இதில் பங்கு கொள்ள வேண்டும். மாட்டுக்குத் தீனி வைக்கும் கை குழந்தைக்கு ஒரு கிண்ணம் கஞ்சி ஊட்டினால் கௌரவம் குறைந்து விடாது.

பள்ளிக்கூடமும் அங்கன்வாடியும்

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆகாரம் அளிப்பதில் தமிழ்நாடு நெடுங்காலமாகவே முன்னின்று வந்துள்ளது. 1920-ல் சென்னை நகரசபை தன் பள்ளியொன்றில் பகல் ஆகாரம் அளிக்கத் தொடங்கிற்று. 1956-ல் காமராஜர் முதன்மந்திரியாக இருந்தபோது மதிய உணவுத் திட்டம் மாகாணமெங்கும் பரவத் தலைப்பட்டது. 1982 ஜூலை 1-ல் எம். ஜி. ராமச்சந்திரன் காலத்தில் சத்துணவுத் திட்டம் ஏற்பட்டது. 1989-ல் அதில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை ஆகாரம் தொடங்கப்பட்டு, 2023 ஆகஸ்டில் எல்லா அரசாங்க ஆரம்பப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

இவ்வேற்பாடுகளினால் பள்ளி நாட்களில் தாயின் பாரம் பெரிதும் குறைகிறது. ஆயினும் இரண்டு இடைவெளிகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, விடுமுறை நாட்கள். பொங்கல் விடுமுறை அறுவடையுடனும், கோடை விடுமுறை கோடைப் பயிர் வேலைகளுடனும் சேர்ந்து வருகிறது. பள்ளி ஆகாரம் நிற்கும் நாட்களும் தாய் வீட்டிலில்லாத நாட்களும் ஒன்றாகி விடுகின்றன. ஆகவே மாவும் உருண்டையும் தயாரிக்கும் வேலையை விடுமுறைக்கு முன்வாரம் முடித்து விட வேண்டும். இரண்டாவது, பள்ளிக்குச் செல்லாத சிறு குழந்தைகள். 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் அங்கன்வாடியில் சிறு குழந்தைகளுக்குச் சத்துமாவு அளிக்கும் முறை ஏற்பட்டது. இம்மாவைக் குடும்பத்தார் அனைவரும் பங்கிட்டுக் கொள்ளாமல், எவருக்காகக் கொடுக்கப்பட்டதோ அக்குழந்தைக்கே கொடுக்க வேண்டும்.

1980-ல் தமிழ்நாட்டில் ஆரம்பமான ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாத குழந்தையைக் கண்டுபிடித்து அதற்கு மட்டும் விசேஷ ஆகாரம் அளிக்கப்பட்டது. அம்முறையின் சாரம் இன்றைக்கும் பயன்படத்தக்கது. நடவுக்கு முன் மாதத்து எடையையும் அறுவடைக்குப் பின் மாதத்து எடையையும் ஒப்பிட்டால் வேலைக் காலத்தில் குழந்தை அடைந்த கதி விளங்கும். வேலை அதிகமென்று எடை பார்க்கச் செல்லாத மாதமே எடை பார்க்க வேண்டிய மாதம்.

நிலச்சொந்தக்காரரும் கிராம அதிகாரிகளும் செய்ய வேண்டியவை

இதுவரை கூறியவை சொந்த வீட்டுக் குழந்தைகளைப் பற்றியவை. நிலமுள்ளவரின் காட்டில் களை எடுக்கவும், கடலைக்காய் ஆயவும் வரும் பெண்களுக்கும் குழந்தைகள் உண்டு. அக்குழந்தைகள் வரப்பில் வெயிலில் கிடப்பதும், பால் கொடுக்கத் தாய் தயங்குவதும் கண்கூடு. 2005-ல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், வேலை செய்யும் பெண்களுடன் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேற்பட்டோ வந்தால் அவர்களைக் கவனிக்க ஒரு பெண்ணை நியமித்து, அவளுக்கும் கூலி கொடுக்க வேண்டுமென்று விதிக்கப்பட்டது. சர்க்கார் வேலைக்கு விதித்த இம்முறையைச் சொந்தக் காட்டிலும் அனுசரிப்பது நியாயமே. வேப்ப மரத்து நிழலில் ஒரு தூளி, ஒரு பானை காய்ச்சிய நீர், நடக்க முடியாத வயோதிகப் பெண் ஒருத்திக்குக் கூலி ஆகிய இவையே செலவு. பால் குடிக்கும் குழந்தையின் தாய்க்குக் காலையில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் கால் மணி நேரம் விட்டால் வேலை கெட்டு விடாது. குழந்தை அழுவது காதில் விழ, மனம் அங்கும் கை இங்குமாக வேலை செய்பவளைவிட, பாலூட்டித் திரும்பியவள் அதிக நிரை முடிப்பாள்.

கிராம அதிகாரிகளும் பஞ்சாயத்தாரும், வேலைக் காலத்தில் அங்கன்வாடி திறக்கும் நேரம் பெண்கள் காட்டுக்குச் செல்லும் நேரத்திற்கு ஏற்றதா என்று விசாரித்து, இல்லையேல் மேலதிகாரிகளுக்குத் தெரிவிக்கலாம். ராகி முளை கட்டி அரைக்க விரும்பும் பெண்கள் சங்கத்தாருக்கு மாவு மில்லில் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்க ஏற்பாடு செய்யலாம். குடற்புழு மருந்து கொடுக்கும் நாளில் ஒரு குழந்தையும் தவறாதபடி பார்ப்பதும் அவர்கள் கடமை. வெறுங்காலுடன் காட்டில் நடக்கும் பிள்ளைகளைக் கொக்கிப்புழு எளிதில் பற்றுகிறது; இரத்தத்தைக் குடிக்கும் புழு வயிற்றிலிருக்கும்போது எவ்வளவு இரும்புச் சத்து கொடுத்தும் முழுப் பயன் உண்டாகாது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. களத்திலேயே குழந்தையின் ராகி, பயறு, நல்ல நிலக்கடலை ஆகியவற்றை அளந்து எடுத்து வைக்கவும்.

2. நடவுக்கும் அறுவடைக்கும் விடுமுறைக்கும் முன்வாரத்தில் முளை மாவைத் தயாரிக்கவும்.

3. தினம் ஒரு தம்ளர் பாலோ மோரோ நிறுத்திய பின்னரே மீதியை விற்கவும். கூடுமானால் ஒரு முட்டையும் கொடுக்கவும்.

4. ஜவ்வரிசிக் கஞ்சியை நித்திய ஆகாரமாக்க வேண்டாம். சிறு பிள்ளைகளுக்குத் தேநீர் வேண்டாம்.

5. குழந்தைக்குத் தனிக் கிண்ணம், குறித்த நேரம், பொறுப்புள்ள ஓர் ஆள் ஆகிய மூன்றையும் ஏற்படுத்தவும்.

6. வேலைக் காலத்தில் மாதந்தோறும் எடை பார்க்கத் தவற வேண்டாம். எடை ஏறாவிட்டால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குக் கொண்டு செல்லவும்.

7. காட்டில் வேலை செய்யும் தாய்மாரின் குழந்தைகளுக்கு நிழலும், நீரும், பாலூட்டும் நேரமும் அளிக்கவும்.

ஒரு போகம் தவறினால் அடுத்த போகத்தில் ஈடு செய்து கொள்ளலாம். குழந்தையின் வளர்ச்சிக்கு இரண்டாம் போகமில்லை. அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கும் நாளிலேயே, குழந்தைக்குரிய ராகியையும் ஊற வைத்து விடுவது குடியானவருக்குத் தகும்.